பீடத்தில் வராத சொல்

சாலமோன் துரை வேதபாடம் வாசிக்க எழுந்து வந்தபோது மாசிலாமணி ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். தெற்கத்திச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அங்கி போட்ட ஐயர் ஆராதனை நடுவே கண்ணை மூடினால் அது ஜெபம்தான் என்று கோயிலில் இருக்கிற முந்நூறு பேரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கையின் மறைவில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணைத்தான் மூட முடிந்தது, காதை மூட முடியவில்லை. என்ன குரல். அவசரமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற குரல். இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்த முதல் ஞாயிறே அந்தக் குரலைக் கேட்டுச் சொக்கிப்போய், பாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் மாதம் ஒரு முறை இவர் பெயர் வரும்படி தன் கையாலேயே எழுதி வைத்தது ஞாபகம் வந்தது. நாலு வருஷம் ஆயிற்று. அந்தக் குரல்தான் வீட்டுக்குள்ளே போனதும் பெண்டாட்டி தங்கபுஷ்பத்தை 'ஏளா' என்று கூப்பிடுகிறது. அந்தக் கை, கண்ணைத் திறந்து பார்த்தார், புத்தகத்தின் ஓரத்தை இவ்வளவு பதமாகப் பிடித்திருக்கிற கை, தாள் கசங்கிவிடுமோ என்று பயப்படுகிற கை, அதுதான் செவ்வாய்க்கிழமை காலையில் தங்கபுஷ்பத்தின் வலது மணிக்கட்டைக் கதவு நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தியது. இல்லை, இப்போது அதை நினைக்க வேண்டாம். இன்னும் கால் மணி நேரத்தில் பிரசங்கம். புத்தகத்துக்குள் நாலு தாள் மடித்து வைத்திருக்கிறார், நாலிலும் அன்பு. வியாழக்கிழமையே எழுதி முடித்துவிட்டார். வியாழக்கிழமை எழுதியவருக்கு வெள்ளிக்கிழமை வரப்போவது தெரியாது. பாடகர் குழுவுக்கு மேலே ஓடுகிற மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டக்' என்கிறது, உண்டா, டக், இல்லையா, டக், உண்டா. அவள் அப்படித்தான் கேட்டாள். உண்டா இல்லையா ஐயா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஐயர் குடியிருக்கிற குருமனைக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். ஐயரம்மா செல்வராணி காப்பி கொண்டுவந்து வைத்தபோதுதான் முந்தானைக்குள் மறைத்திருந்த மாவுக்கட்டு வெளியே தெரிந்தது. டம்ளரை இடது கையால் எடுத்தாள், சிந்தியது, சேலைத் தலைப்பால் மேசையைத் துடைக்கப் போனாள், "விடும்மா, விடு" என்று செல்வராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "ஆஸ்பத்திரில கேட்டப்ப வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னேன். உங்ககிட்ட வந்து பொய் சொல்ல முடியல ஐயா" என்றாள் தங்கபுஷ்பம். போலீசுக்குப் போவோம், நானும் கூட வருகிறேன் என்றார் இவர். "வேண்டாம். எம் மக ரோஸ்லினுக்குப் பேசி முடிச்சிருக்கு, தை மாசம் கல்யாணம். அதுவரைக்கும் ஒண்ணும் வெளிய வரக்கூடாது." அப்போது நான் என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டார். கேட்டபோதே அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி இருந்ததை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி இருந்ததை, இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் கண்டுபிடித்தார், கண்டுபிடித்து வெட்கப்பட்டார். அவள் அப்படிச் சொல்லவில்லை. "நரகம்னு ஒண்ணு உண்டா இல்லையா ஐயா? நாலு வருஷமா உங்க பிரசங்கம் கேக்கேன், ஒரு நாள்கூட அந்தப் பேச்சு உங்க வாயில வரல. அன்பு, அன்பு, அன்பு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க அன்பப் பத்திப் பேசுன ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவிய வயிறாரச் சாப்பிட்டுட்டு நிம்மதியாத் தூங்குதாவ. நான் முழிச்சிக்கிட்டு இருக்கேன்." பிறகு ஒன்று சொன்னாள். அதைத்தான் இவர் இரண்டு நாளாகப் பல்லில் சிக்கிய நாராக நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறார், எடுக்க வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலமோன் துரை இவரிடம் வந்து, கோயிலின் பின்னறையில் முழங்காலிட்டு அழுதார். பெண்டாட்டியைக் கைநீட்டிவிட்டேன் ஐயா என்று தேம்பினார். இவரும் கண் கலங்கி, தலையில் கை வைத்து, ஆண்டவர் மன்னித்துவிட்டார், எழுந்து போங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று நல்ல மனத்தோடு வீட்டுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறது, வழியில் ஒரு நாய்க்குட்டியைக் கூடக் கொஞ்சினார். பத்தே நாளில் மறுபடி அடி. அடித்துவிட்டு அவளிடம் சொன்னாராம்: "கடவுளே மன்னிச்சாச்சு, ஐயரே சொல்லிட்டாரு. நீ யாருளா மன்னிக்காம இருக்கதுக்கு?" அந்த வாக்கியத்தில் பாதி இவருடையது. பாதியை இவர் செய்து கொடுத்தார், மீதியை அவர் சேர்த்துக்கொண்டார். எழுந்து போகும்போது தங்கபுஷ்பம், "ஒரே ஒரு தரம் சொல்லுங்க ஐயா. பயம்னா என்னான்னு அவியளுக்கும் ஒரு நாள் தெரியட்டும்" என்றாள்.

பாடம் முடிந்தது. சாலமோன் துரை புத்தகத்தை மூடி, பீடத்தைப் பார்த்துத் தலை வணங்கி, தன் இடத்துக்குப் போய் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது, ஆறு சரணம், ஆறு சரணத்துக்கு ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்தில் ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள முடியுமா? இருபத்தாறு வருஷப் போதக ஊழியத்தில் பீடத்தில் நின்று ஒரு முறைகூடச் சொல்லாத சொல். மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். தன் குரலில் வரவில்லை, அப்பாவின் குரலில் வந்தது. அப்பா உபதேசியார், ஐயருக்கு அடுத்தபடியில் நின்று பிரசங்கிக்கிறவர், நரகத்துக்குப் பேர்போனவர், அந்தப் பேச்சைக் கேட்கவே பக்கத்துச் சபை வட்டாரங்களிலிருந்து, சேகரங்களிலிருந்து, வண்டி கட்டி வருவார்கள். மேசையில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, விரலை நீட்டுங்க பார்ப்போம், ஒரு நிமிஷம் தாங்குமா, ஒரு நிமிஷம், அப்ப ஒரு வருஷம், அப்ப ஆயிரம் வருஷம், ஆயிரத்துக்கப்புறமும் அது ஆரம்பம்தான் என்பார். முன்வரிசையில் தங்கை எப்சிபா உட்கார்ந்திருப்பாள், இரட்டைச் சடையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு. பதின்மூன்று வயதில் அவளுக்கு இருதயம் வீங்கிவிட்டது, வாதக் காய்ச்சலில் வந்த கோளாறு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் மத்தியானம், வெளியே வெயில் அடிக்கிறது, வராந்தாவில் யாரோ கேரியர் திறக்கிற சத்தம், சாம்பார் வாசனை, அவள் இவர் பக்கம் திரும்பி, "அண்ணே, உள்ள போன ஒடனேயே சுடுமா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சா?" என்று கேட்டாள். பதினேழு வயது அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு ஏதுடீ நரகம் என்று சிரித்திருக்கலாம். அப்பா அழுதுகொண்டே, "எல்லாத்தையும் அறிக்கை பண்ணிரு மக்ளே, ஒண்ணையும் மறைக்காத" என்றார். அவள் சொன்னாள். அறுப்பின் பண்டிகைக்கு வந்த வாழைத்தாரில் ஒரு பழம் பிய்த்துத் தின்றது, டீச்சரிடம் வயிற்றுவலி என்று பொய் சொன்னது, ஜெயந்தியின் ரிப்பனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அவ்வளவுதான் இருந்தது அவளிடம், பதின்மூன்று வயதில் வேறென்ன இருக்கும். "இன்னும் யோசிச்சுப் பாரு மக்ளே." அதற்குப் பிறகு அவள் செய்யாத பாவங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். மேரியின் பேனாவைத் திருடினேன் என்றாள். அந்தப் பேனா இவர் வாங்கிக் கொடுத்தது. இவருக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. மூச்சு வாங்க வாங்க, எங்கேயாவது ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்று, இல்லாத பெட்டிகளை எல்லாம் திறந்து திறந்து காட்டினாள். நாலு மணிக்குப் போய்விட்டாள். அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று இவர் தீர்மானித்ததுதான், நான் ஊழியத்துக்குப் போவேன், அந்தச் சொல்லை மட்டும் சொல்லமாட்டேன்.

ஆனால் அப்பா கெட்டவர் இல்லை. இதுவும் வந்து நின்றது, மூன்றாம் சரணத்தில், வேண்டாத நேரத்தில். அப்பா வேறொன்றும் செய்யவில்லை, தன் பிள்ளை பத்திரமான கரையில் இறங்க வேண்டுமே என்று துடித்தார், அவருக்குத் தெரிந்த படகு அது ஒன்றுதான். அது மட்டுமா. பனங்காட்டு ஓரத்தில் சாராயம் காய்ச்சிய பொன்னுமுத்து என்று ஒருவன், குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பனைமட்டையால் அடிக்கிறவன், அப்பாவின் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பானைகளை எல்லாம் உடைத்தான். அதற்குப் பிறகு கை நீட்டவே இல்லை. அவன் பெண்டாட்டி நாலு பிள்ளைகளையும் கூட்டிவந்து அப்பாவுக்கு முன்னால் நிறுத்தி, "உங்க பேச்சுதான் இதுகளக் காப்பாத்திச்சு" என்றாள். கடைக்குட்டியின் முதுகில் மட்டையின் கருக்கு கிழித்த தழும்பு இருந்தது. அப்பாவின் நரகம் அந்த முதுகைக் காப்பாற்றியது. இவருடைய அன்பு தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைக் காப்பாற்றவில்லை. அப்படியானால் எப்சிபா? பொன்னுமுத்துவின் பிள்ளைகளுக்காக எப்சிபாவா? யார் யாருக்கு என்று யார் பிரித்துக் கொடுப்பது? கடைசி வரிசைக்கென்று எறிந்த நெருப்பு முன்வரிசையில் விழுந்தது, முன்வரிசையில் சடையைக் கடித்துக்கொண்டு இருந்தவள் மேலே. கழுத்தில் அங்கியின் பட்டி இறுக்கியது. ஒரு விரலை உள்ளே விட்டுத் தளர்த்தினார், வியர்வை.

சரி, சொல்லிவிடுகிறேன், ஒரே ஒரு தரம், சாலமோன் துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்தார். பிரசங்க பீடத்தின் நாலு படி. ஏறி நின்றதும் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் மரியபாக்கியம் இருந்தாள். எப்போதும் அங்கேதான் இருக்கிறவள், இவர்தான் இன்று அவளை மறந்துபோனார். தையல்காரி, ஐம்பது வயது இருக்கும், போன வருஷம் சித்திரையில் அவளுடைய ஒரே மகன் தூக்கு மாட்டிக்கொண்டான். தற்கொலை பண்ணினவனுக்கு நேரே நரகம்தான், கோயில் மணி அடிக்கக்கூடாது என்று சேகரக் கமிட்டியில் பேச்சு வந்தது. இவர் மணி அடிக்கச் சொன்னார். குழிமேட்டில் நின்று, கடவுளின் கை நம் எல்லாருடைய கையையும் விட நீளம், அந்தப் பிள்ளை விழுந்த இடத்துக்கும் அது எட்டும் என்று பேசினார். "அந்த ஒரு பேச்சுலதான் ஐயா நான் உசிரோட இருக்கேன்" என்று அவள் பிறகு சொன்னாள். இப்போது இவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அது சாலமோன் துரையிடம் போய்ச் சேருகிறதோ இல்லையோ, இவளிடம் சேரும். சாலமோன் துரை அதையும் கேட்டு, ஐயர் இன்னைக்கு நல்லாப் பேசினார் என்று வாசலில் கைகொடுப்பார், யாரோ வேறு ஆளைப் பற்றிப் பேசியதாகத்தான் எடுத்துக்கொள்வார். கேட்க வேண்டியவனுக்குக் கேட்காது, கேட்கவே கூடாதவளுக்குத்தான் கேட்கும். பிரசங்கத் தாள்களைப் பிரித்தார். வாசித்தார். அன்பு என்று வரும் இடத்தில் எல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தாளின் நடுவே நிறுத்தி, தாளைக் கீழே வைத்துவிட்டு, "பிரியமானவர்களே" என்றார். சொல் தொண்டைவரை வந்தது. மரியபாக்கியம் முகத்தை உயர்த்தினாள். நாலு இருக்கை தள்ளி, தங்கபுஷ்பமும் உயர்த்தினாள். மாவுக்கட்டின் மேல் சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தாள், கண் மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கம் சாலமோன் துரை கைகளைக் கட்டிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, தெரிந்த ராகம் வரப்போகிறதென்று காத்திருக்கிறவரைப் போல இருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கீழே இருந்த இந்தச் சபையின் உபதேசியார் தொண்டையைச் செருமினார். ஐயர் தாளை எடுத்து மிச்சத்தை வாசித்து முடித்தார். பன்னிரண்டு நிமிஷம். இறங்கும்போது தங்கபுஷ்பம் குனிந்துவிட்டதைப் பார்த்தார்.

அன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு. ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் கட்டத்தில் சாலமோன் துரை முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்பி, சமாதானம், சமாதானம் என்று புன்னகைத்தார். ஐயர் அப்பத் தட்டைக் கையில் எடுத்தபோது மனம் ஓய்ந்து கிடந்தது, தோற்றுப்போனவனின் ஓய்வு. பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முதலில் ஆண்கள் வந்து வரிசையாக முழங்காலிட்டார்கள். ஒவ்வொரு கையாக வந்தது, சுண்ணாம்புக் கறை பிடித்த கை, நடுங்குகிற கை, பேனா மை ஒட்டிய கை. அப்பத்தை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, நகர்ந்தார். ஏழாவதாக அந்தக் கை. ஒன்றின் மேல் ஒன்றாக, முறைப்படி, நன்றாகக் கழுவிய கை. அப்போதுதான், வெகு சாதாரணமாக, ஒரு யோசனை வந்தது. நான் இரண்டு நாளாக ஒரு நெருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேனே, அது எதற்கு? நான் சொல்ல வேண்டியதை எனக்குப் பதிலாக அது சொல்லட்டும் என்றுதானே? வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இல்லையா? அவர் குனிந்தார். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில், "துரை, இன்னைக்கு உங்களுக்கு இல்ல. தங்கபுஷ்பத்தோட கை முதல்ல ஆறட்டும்" என்றார். சொல்லிவிட்டு எட்டாவது கைக்குப் போய்விட்டார். பின்னால் பாத்திரத்தோடு வந்த உபதேசியார் ஒரு கணம் தடுமாறி, அவரும் தாண்டினார். வரிசை எழுந்தது, அடுத்த வரிசை வந்தது, சாலமோன் துரை மட்டும் வெறுங்கையை விரித்தபடி அப்படியே இருந்தார். எழுந்து போனால் தெரிந்துவிடும், இருந்தாலும் தெரிந்துவிடும். பாடகர்கள் பாட்டை முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர் எழுந்து வெளியே போகும்வரை முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

பெண்கள் வரிசையில் தங்கபுஷ்பம் இடது கையை மட்டும் நீட்டினாள். அப்பத்தை வைக்கக் குனிந்தபோது, "என்ன ஐயா செஞ்சிட்டிய" என்றாள், உதடு அசையாமல். "வெளிய வரக்கூடாதுன்னுல்ல சொன்னேன். இனி நான் எப்பிடி வீட்டுக்குப் போவேன்?" அவர் இதை யோசிக்கவே இல்லை. நல்லது செய்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை, நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதற்குள் அந்த நல்லதின் விலையை இவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மன்னித்தாலும் அடி இவளுக்கு, மறுத்தாலும் அடி இவளுக்கு. "வீட்டுக்குப் போகாத" என்றார். "ஆராதனை முடிஞ்சதும் ரோஸ்லினக் கூட்டிக்கிட்டு நேரே குருமனைக்கு வா. ஐயரம்மா இருப்பா. தை மாசம் வர அங்கதான் இருக்கணும்னாலும் இரு. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் போய்ப் பேசுதேன்." அவள் அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த கை நீண்டது, சொல்ல வேண்டிய வாசகம் இவருக்கு மறந்துபோய், அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றார்.

வந்தாள். மகளும் வந்தாள், முகமெல்லாம் அழுது வீங்கி, ஐயரை நேரே பார்க்காமல். செல்வராணி இலையைப் போட்டு, சோறு பரிமாறி, வலது கை முடியாதவளுக்குப் பிசைந்து வைத்தாள். ஐயர் அங்கியைக் கழற்றாமலே முன்னறையில் நின்றார். பன்னிரண்டரை இருக்கும், சுற்றுச்சுவரின் இரும்புக் கதவுக்கு வெளியே சாலமோன் துரை வந்து நிற்பது தெரிந்தது. கத்துவார், கதவை உதைப்பார், நாலு பேர் கூடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கி நடந்தார். கிட்டே போனபோது அவர் கத்தவில்லை. வியர்த்து, சட்டை முதுகில் ஒட்டி, கோயிலிலிருந்து இதுவரை எங்கெங்கோ நடந்துவிட்டு வந்தவரைப் போல இருந்தார்.

"எல்லாரும் பாத்துட்டாவ ஐயா."

"ஆமா."

"அத விடுங்க. நான் ஒண்ணு கேக்கணும்." அந்தக் குரல் இப்போது உடைந்து, எந்தச் சொல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தது. "அப்ப எனக்கு நரகந்தானா?"

தங்கபுஷ்பம் கேட்ட பயம் இதோ, கேட்டபடியே வந்துவிட்டது, அவர் சொல்லாமலே. அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாக இல்லை. இல்லை துரை என்று சொல்ல நாக்கு துடித்தது, இருபத்தாறு வருஷப் பழக்கம். அந்த 'இல்லை'யைச் சாலமோன் துரை யாரிடம் கொண்டுபோவார் என்பதும் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியாது துரை" என்றார். "சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். உள்ள அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நீங்க உள்ள வரக்கூடாது. இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. அவளா வரச் சொன்னாத்தான்."

"அப்ப நான் எங்க போவேன்?"

ஐயர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்தி, கம்பி வழியே உள்ளே கை விட்டு உள்பக்கக் கொண்டியைப் போட்டார். பிறகு அந்த மனிதரின் பக்கத்தில், நிழலே இல்லாத ரோட்டோரத்தில், அங்கியோடு நின்றுகொண்டார்.